கம்பெனிக்கு ஆடியவன்

சென்னை
10.7.2005

சாஹில்,

வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. ஹாஸ்டலில் போன் வார்டன் அறையில்தான் இருக்கிறது. யார் பேசினாலும் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்கிறார். அதனால்தான் கடிதம்.

செயற்கைப் புல் ஹாக்கி மைதானத்தில் இறங்கிவிட்டேன். ஆட்டத்துக்கு முன்னால் அதன்மேல் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறார்கள். நம் தெருவில் குடிக்கிற தண்ணீருக்கு லாரிக்குக் காத்திருப்போம்; இங்கே பந்து ஓடுவதற்குத் தண்ணீர். முதல் நாள் எனக்கு ஒரு பந்தும் சிக்கவில்லை. நம் மைதானத்தில் எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டே பழகிவிட்டேனா, நேராக வருகிற பந்தை நிறுத்தத் தெரியவில்லை. கேப்டன் தங்கவேலு அண்ணன் குன்னத்தூர்க்காரர். "ரெண்டு வாரத்துல பழகிரும் கண்ணு, பயப்படாதே" என்றார். பழகிவிட்டது. இப்போது முன்வரிசையில் ஆடுகிறேன்.

விளையாட்டு ஒதுக்கீடு என்பதால் கல்லூரிக் கட்டணமும் இல்லை, ஹாஸ்டல் கட்டணமும் இல்லை. சேரும்போது பி.டி. சார் வரிசையாக ஏதேதோ கேட்டு எழுதிக்கொண்டார். "எங்கயாவது சம்பளத்துக்கு வேலை பாத்திருக்கியா?" என்றார். இல்லை என்றேன். மே தினக் கோப்பையில் நாம் வேலரசி நிட்ஸ் பனியன் கம்பெனிக்கு ஆடினோமே, அதை வேலை என்று யார் சொல்வார்கள்? அந்தக் கம்பெனியில் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்து முதுகு ஒடிந்தது அப்பாதான், நானில்லை.

ட்ரையல்ஸில் நீயும் நன்றாகத்தான் தடுத்தாய். கீப்பர் ஏற்கெனவே இருக்கிறான் என்று உன்னை அனுப்பியது எனக்கு இன்னும் ஆறவில்லை. இங்கே இருக்கிற கீப்பர் உன்னில் பாதி.

மாதவன்


திருப்பூர்
2.8.2005

டேய் மாதவா,

உன்னில் பாதி என்று எழுதியிருந்தாய். அந்தப் பாதி சென்னையில் இருக்கிறான், முழுசு காதர்பேட்டையில் எங்கள் கடையில், ஏற்றுமதியில் கழித்த செகண்ட்ஸ் பனியன் மூட்டை கட்டுகிறது. பரவாயில்லை. ட்ரையல்ஸில் இருந்து திரும்பி வந்த அன்றே அத்தா சொல்லிவிட்டார், "பந்தைத் தடுத்தது போதும், கடன்காரனைத் தடுக்கிற வழியைப் பாரு" என்று. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பாவை நேற்றுப் பார்த்தேன். மாரிச்செல்வம் மாமா இப்போது நடக்கிற நடையே வேறு. டீக்கடையில் அறிமுகம் இல்லாதவரிடம்கூட, "எம்பய மெட்ராஸ்ல ஆடுதான்" என்று ஆரம்பிக்கிறார். கோவில்பட்டியை விட்டு இங்கே வந்து எத்தனை வருஷம் ஆனாலும் அந்த 'ஆடுதான்' மட்டும் போகவில்லை. கம்பெனியில் முதலாளி நஞ்சப்பனே மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று உன்னை விசாரித்தாராம். உன் அம்மா, சீனியம்மாள் அத்தை, செக்கிங் பிரிவில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாராம்.

மே தினக் கோப்பையை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மற்ற கம்பெனிக்காரர்கள் வந்தால் முதலாளி முதலில் அதைத்தான் காட்டுகிறாராம்.

நன்றாக ஆடு. எனக்கும் சேர்த்து என்று எழுத மாட்டேன். உனக்காக ஆடு.

சாஹில்


சென்னை
11.12.2005

சாஹில்,

மண்டலக் கோப்பையை வென்றுவிட்டோம்! இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் என்னுடையது. தங்கவேலு அண்ணன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானம் முழுக்கச் சுற்றினார். அவருக்கு இது கடைசி வருஷம். இந்தச் சான்றிதழை வைத்து ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். "ஊட்டுக்கு எழுதிப் போட்டுட்டேன், இனி எங்கப்பன் தோட்டத்தை விக்க வேண்டியதில்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

என்னைப் பல்கலைக்கழக அணியின் முகாமுக்கு எடுத்திருக்கிறார்கள். ஜனவரியில் முகாம். அப்பாவிடம் நீயே போய்ச் சொல். அவர் முகம் எப்படி ஆனது என்று எனக்கு எழுது.

மாதவன்


சென்னை
19.1.2006

சாஹில்,

முகாமில் இருந்து என்னை அனுப்பிவிட்டார்கள். பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே பி.டி. சார் விசில் ஊதிக் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு படம் இருந்தது. வேலரசி நிட்ஸ் சட்டையில் நாம் பதினோரு பேர், நடுவில் கோப்பை, கோப்பையைப் பிடித்துக்கொண்டு நான். மண்டல இறுதியில் தோற்ற கல்லூரி அதை வைத்துப் புகார் கொடுத்திருக்கிறது. மே தினக் கோப்பை கம்பெனித் தொழிலாளர்களுக்கு மட்டுமான போட்டி. எனவே நான் தொழிலாளி. வேலையில் இருப்பவன் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடக்கூடாது. போட்டி நடத்தியவர்களிடம் கேட்டு என் பெயரையும் தொழிலாளர் காப்பீட்டு ஈ.எஸ்.ஐ. எண்ணையும்கூட வாங்கி இணைத்திருக்கிறார்கள். மேனேஜர் கிட்டுசாமி, "சும்மா ஒரு கையெழுத்துப் போடு கண்ணு" என்று அன்று வாங்கினாரே, அது இதற்குத்தான்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தப் படத்தின் பிரதி இரண்டே பேரிடம்தான் இருந்தது. ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. இன்னொன்று உன்னிடம். உனக்கு இடம் கிடைக்கவில்லை என்பதற்காகவா?

மா.


திருப்பூர்
24.1.2006

மாதவா,

உன் கடிதத்தை அத்தா இல்லாத நேரத்தில் படித்தேன். படித்துவிட்டுக் கடையை அடைத்துவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது.

இத்துடன் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். வேலரசி நிட்ஸ் புத்தாண்டுக் காலண்டரின் மேல் அட்டை. நம் படம்தான். முதலாளி பெருமைக்கு ஆயிரக்கணக்கில் அடித்து ஊரெல்லாம் கொடுத்திருக்கிறார். எங்கள் கடைச் சுவரில் தொங்குகிறது. எதிரே சலூனில் தொங்குகிறது. பெருமாநல்லூர் ஓட்டல்களில் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறது. இந்தப் பக்கம் பஸ்ஸில் வந்த எவன் பார்த்தானோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

ஆனால் உனக்கு முதலில் தோன்றியது நான்தான், இல்லையா? என் ஆட்டம் போனபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

சரி, அதை விடு. உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. கம்பெனிக்குப் போக வேண்டும் என்றால் போகிறேன்.

சாஹில்


சென்னை
30.1.2006

சாஹில்,

காலண்டர் தாளை விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் போதாது என்று தெரியும். நேரில் வரும்போது நீ என்ன செய்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் விசாரணை வைத்திருக்கிறார்கள். நான் அங்கே ஒருபோதும் வேலை பார்க்கவில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் யோசிப்பார்கள் என்று பி.டி. சார் சொன்னார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. என் ஒருவனோடு போகிற காரியம் இல்லை இது. தகுதி இல்லாதவன் ஆடினான் என்று தீர்ப்பானால் மண்டலக் கோப்பையே ரத்து. எல்லோருடைய சான்றிதழும் செல்லாது. இதைக் கேட்டதில் இருந்து மெஸ்ஸில் நான் உட்கார்ந்தால் அந்த மேசையில் யாரும் உட்காருவதில்லை. தங்கவேலு அண்ணன் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்காருகிறார்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கிட்டுசாமியைப் பார். கெஞ்சியாவது வாங்கு.

மாதவன்


திருப்பூர்
9.2.2006

மாதவா,

மாமாவும் நானும் போனோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கிட்டுசாமி எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "ஏனுங்க மாரிச்செல்வம், உங்க பையன் இங்க வேலை பாக்கலைன்னு எழுதிக் குடுத்தா, அப்புறம் எப்படி உங்க டீம்ல ஆடுனான்னு கேப்பாங்களே. கம்பெனி ஆளுங்களுக்கு மட்டுமான கோப்பைங்க அது. கோப்பையும் போயிரும், முதலாளி மானமும் போயிரும்" என்றார்.

"அவன் ஒருநாள்கூட மெஷின்ல உக்காரலைங்க" என்றேன்.

"எனக்குந்தான் தெரியும் கண்ணு. ஆளுங்க பேரு எழுதற மஸ்டர்ல அப்படி இல்லையே. ஹெல்பர்னு போட்டிருக்குதே."

"போட்டது நீங்கதானுங்களே?"

அவர் சிரித்தார். முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

மறுபடி கூப்பிட்டபோது மேசையில் டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. கம்பெனி கடிதம் கொடுக்குமாம். ஆனால் அதற்கு முன்னால் மாமா ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். தன் மகனின் பெயரை நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஆள் பட்டியலில் சேர்த்தது தானே என்றும், அப்படிக் கம்பெனியை ஏமாற்றிவிட்டதாகவும். 'தொழிலாளி பண்ணுன தப்புன்னு ஆயிட்டா யாருக்கும் சங்கடம் இல்லைங்க பாருங்க' என்று கிட்டுசாமி எங்களுக்கே புரியவைத்தார்.

நான் மாமாவின் கையைப் பிடித்தேன். வேண்டாம் என்றேன். அவர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்தார்.

"ஏய்யா சாஹில், இதக் குடுத்தா அவன் ஆடலாமா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது மாமா. யோசிப்போம்னுதான் சொல்லிருக்காங்க."

"யோசிப்பாங்கல்ல?"

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். கம்பெனியின் கடிதத்தைக் கையில் வாங்கியதும் இன்னொரு தாளும் கொடுத்தார்கள். ஏமாற்றியதாக அவரே ஒப்புக்கொண்டதால் வேலையில் இருந்து நீக்கம்.

உனக்கு இதை எழுதக்கூடாது என்று சொன்னார். நான் எழுதிவிட்டேன். கம்பெனி கடிதத்தைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். அத்தையை மட்டும் செக்கிங்கில் விட்டுவைத்திருக்கிறார்கள்.

சாஹில்


சென்னை
27.2.2006

சாஹில்,

விசாரணை முடிந்தது.

நீளமான மேசை. ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால் சுவரில், போட்டிக்குப் பணம் கொடுக்கிற சிமெண்ட் கம்பெனியின் பேனர். கடிதத்தைக் கொடுத்தேன். கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். நடுவில் இருந்தவர், "உங்கப்பா ஏமாத்தினார்னே வெச்சுக்குவோம். அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு ஆடினது யாரு?" என்றார்.

"நான்தான் சார்."

"ஆடினதுக்கு என்ன குடுத்தாங்க?"

ஷூ கொடுத்தார்கள், ஸ்டிக் கொடுத்தார்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கவர் கொடுத்தார்கள் என்று உண்மையைச் சொன்னேன். சொல்லும்போதே பி.டி. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பணத்த என்ன பண்ணினே?"

"அம்மாகிட்ட குடுத்தேன் சார்."

ஒருவர் மட்டும், பையன் பாவம் சார் என்று ஏதோ சொல்லப் பார்த்தார். நடுவில் இருந்தவர் கோபப்படவில்லை. "தம்பி, நீ தொழிலாளியா இல்லையாங்கறதே இனிமே தேவையில்ல. காசுக்கு ஆடினவன் மாணவர் போட்டியில ஆடக்கூடாது" என்றார். அப்பா கையெழுத்துப் போட்ட காரியத்துக்கு அங்கே ஒரு பயனும் இல்லாமல் போனது.

மூன்று வருஷம் தடை. அதாவது என் படிப்பு முழுக்க. ஆடாதவனுக்கு விளையாட்டு ஒதுக்கீடு கிடையாது என்று கல்லூரி சொல்லிவிட்டது. கட்டணம் கட்டினால் படிக்கலாமாம். நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். மண்டலக் கோப்பையும் ரத்து.

தங்கவேலு அண்ணன் வாசல்வரை வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தீன்னா உன்னைய பெஞ்சுல உக்கார வெச்சிருப்பனே கண்ணு. நீ இல்லாமயே நாம ஜெயிச்சிருப்போம்" என்றார். அவருடைய ரயில்வே நேர்முகத்துக்கு இனி அழைப்பு வராது.

பெரியமேட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் சேர்ந்திருக்கிறேன். முகவரி கீழே. ஊருக்கு வரமாட்டேன். அந்தக் கடிதம் பயன்படவில்லை என்று அப்பாவிடம் சொல்லாதே. அடுத்த வருஷம் ஆடுவான் என்று சொல்லிவை. உன்னிடம் இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

மாதவன்


திருப்பூர்
14.3.2006

மாதவா,

நீ கேட்டதை என்னால் செய்ய முடியவில்லை.

கம்பெனியை ஏமாற்றியவர் என்று பேர் பரவிவிட்டதால் மாமாவை எந்த யூனிட்டிலும் எடுக்கவில்லை. அத்தாதான் எங்கள் கடைக்கு வரச்சொன்னார். காலையில் இருந்து இரவுவரை எனக்கு எதிரே உட்கார்ந்து பனியன் மடிக்கிறார். தபால்காரர் தெருவில் திரும்பும்போதே தலையைத் தூக்குகிறார். ஒருநாள் முழுக்க எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் எப்படி நான் பொய் சொல்வேன்? நீ தூரத்தில் இருக்கிறாய், கேட்டுவிட்டாய்.

சொல்லிவிட்டேன். மடித்துக்கொண்டே கேட்டார். "மூணு வருசமா? அப்ப படிப்பே முடிஞ்சிருமேய்யா" என்றார். அதற்கப்புறம் மடித்த பனியனையே உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தார். அத்தா என்னைக் கண்ணால் அதட்டி வெளியே அனுப்பினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வருஷ மே தினக் கோப்பைக்குக் கிட்டுசாமி என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பியிருந்தார். கீப்பர் வேண்டுமாம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மாமாதான், "போய் ஆடுய்யா. உனக்கென்ன காலேஜா, கத்தரிக்காயா, ஆரு உன்னயத் தடுக்கப்போறா?" என்றார். கேலியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா தெரியவில்லை. நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். வருஷத்துக்கு இந்த நான்கைந்து ஆட்டம்தான் எனக்கு ஹாக்கி. நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

சாஹில்


திருப்பூர்
5.5.2006

மாதவா,

நீ பதில் போடவில்லை. ஏன் என்று தெரியும். இருந்தாலும் இதை நீ வேறு யார் வாயிலாகவும் கேட்கக்கூடாது.

இறுதி ஆட்டத்துக்கு மாமா வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. மரத்தடியில் தனியாக நின்றார். இந்த முறை கோவில்பட்டிப் பக்கத்தில் இருந்து ஒரு பையனைப் பிடித்து வந்திருந்தார்கள். ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வந்தவன். உன் இடத்தில் ஆடினான். நன்றாகவே ஆடினான். பந்தோடு வளைந்து ஓடும்போது கொஞ்சம் உன்னைப்போலவே இருந்தான்.

இடைவேளைக்கு அப்புறம் அவன் ஒரு கோல் போட்டான். மேடையில் முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். அப்போதுதான் மாமா உள்ளே வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். பந்து அவர் காலுக்குப் பக்கத்தில் போயிற்று, அவர் பார்க்கவே இல்லை. நேராகப் போய் அந்தப் பையனின் கையைப் பிடித்தார்.

"கழட்டிருய்யா. இந்தச் சட்டையக் கழட்டிரு. படிக்கணும்ல நீ? கழட்டுய்யா."

பையன் மிரண்டுவிட்டான். "யாரு நீங்க? விடுங்க" என்று உதறினான். மாமா அவன் சட்டையைத் தலைவழியே உருவப் பார்த்தார். தையல் பிரிந்தது. வாட்ச்மேன்கள் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று யாரோ கத்தினார்கள். மாமா வாழ்க்கையில் குடித்ததில்லை என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

நான் கோல் கம்பத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஹெல்மெட்டையும் பேடையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போனேன். வாட்ச்மேன்களிடம் இருந்து அவரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் விசில் கேட்டது. வேறு யாரையோ கீப்பராக நிறுத்தி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஜெயித்துவிட்டார்களாம்.

மறுநாள் காலை சீனியம்மாள் அத்தையைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது இரண்டு பேருமே வீட்டில் இருக்கிறார்கள். மாமா கடைக்கு வருவதில்லை. நான் போனால் பேசுவதில்லை.

வா மாதவா. கெஞ்சிக் கேட்கிறேன்.

சாஹில்


சென்னை
12.5.2006

சாஹில்,

கடையில் ஆள் இல்லாத மதியத்தில் படித்தேன். ஹாக்கி ஸ்டிக்குக்குப் பிடி சுற்றுவது என் வேலை. பாதி சுற்றியதை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா என்னிடம் ஒருநாளும் ஆடாதே என்று சொன்னதில்லை. மழையில் ஆடினேன், காய்ச்சலில் ஆடினேன், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரா அவன் சட்டையை இழுத்தார்? எனக்கு அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை.

உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. கோபப்பட என்னிடம் இனி என்ன இருக்கிறது?

நான் வருவேன். இப்போது இல்லை. எதைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிற்பது என்று தெரிகிறபோது வருவேன்.

அதற்குள் எனக்கு ஒரு உதவி செய். அந்தப் பையன் பெயர் என்ன, எந்த ஊர் என்று விசாரித்து எழுது. நான் அவனுக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன். எங்கேயாவது சேருவதற்கு முன்னால் அவனே போய் உண்மையைச் சொல்லிவிடட்டும். அவன் சேருகிற அணியிலும் ஒரு தங்கவேலு இருப்பான் அல்லவா? அவனாவது பிழைக்கட்டும். நான் வேறு எதற்கும் பயன்படவில்லை, இதற்காவது பயன்படுகிறேன்.

மாதவன்


திருப்பூர்
20.5.2006

மாதவா,

பையன் பெயர் அழகுமலை. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

மீதிக் கவரை வாங்குவதற்காக அவன் இன்னும் ஊருக்குப் போகாமல் கம்பெனி ரூமில் தங்கியிருந்தான். போய்ப் பார்த்தேன். முதலில் பயந்தான். மாமா யார், நீ யார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். உட்கார்ந்து கடைசிவரை கேட்டான். நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டான். சரி, புரிந்துகொண்டான் என்று நினைத்தேன்.

"அண்ணே, அந்த அண்ணன் உண்மையச் சொன்னதுனாலதான போச்சு?" என்றான்.

பதிலுக்குக் காத்திருக்காமல் அவனே மேலே பேசினான்.

"எனக்கு அடுத்த மாசம் காலேஜ் ட்ரையல்ஸ் இருக்குண்ணே. அய்யா இறந்துட்டாரு. இது கெடைக்கலைன்னா தங்கச்சிய மில்லுக்கு அனுப்பிருவாங்க. கம்பெனிக்கு ஆடுனேன்னு வெளிய தெரிஞ்சா என்னைய ட்ரையல்ஸ்லயே நிக்க விடமாட்டாங்க. நீங்க யார்ட்டயும் சொல்லிராதீங்கண்ணே. அந்த அண்ணனையும் எழுதிர வேண்டாம்னு சொல்லுங்க. எங்கம்மைக்கு எழுத்து வாசனை கெடையாது. நான் வீட்ல இல்லாதப்பத் தபால் வந்தா போஸ்ட்மேன்தான் தெருவுல நின்னு சத்தமாப் படிப்பாரு."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது, நீ சொல்.

அவனுக்கு எழுதாதே மாதவா.

சாஹில்